உரைவழி ஊடாடு கதைகளில் நகையும் ஆசிரியன் கருத்தும்

ஒரு நூலின்கண் நகை தோன்றும்வழி, அந்நகை ஆசிரியன் கருதி அமைத்ததோ, அவன் கருதாமலே நேர்ந்ததோ என்னும் வினா திறனாய்வாளர்க்குப் புதியதன்று. நாடகத்தில் துயரக் காட்சியொன்று அவையோரை நகைக்கச் செய்தால், அதனை ஆசிரியனின் குறை என்பதா, நடிகனின் பிழை என்பதா என்று பலரும் வினவியுள்ளனர். எனினும், அச்சிட்ட நூலைப் பொறுத்தவரை இவ்வினாவை ஒருபுறம் ஒதுக்கிவைத்து ஆராய்ச்சியை மேற்கொண்டு நடத்துதல் கூடும். நூலிலுள்ள சொற்கள் யாவும் ஆசிரியனுடையவை என்பதில் ஐயமின்மையால், அவை நகை விளைப்பின் அதன் புகழும் பழியும் அவனையே சாரும் என்று கொண்டுவிடலாம். சொற்களுள் ஒரு கூறு படிப்போனுடையதாகவும், எஞ்சியவற்றுள்ளும் ஒரு பகுதி அவ்விடத்திற்கென எவரும் எழுதாததாகவும் அமைந்த ஓர் இலக்கிய வகையில் அவ்வாறு கொள்ளுதற்கில்லை. அவ்வகையே கணிப்பொறி வழி வந்த உரைவழி ஊடாடு கதை. அதனை விளையாட்டு என்றே பலர் வழங்குவர். யாம் இடம் நோக்கிக் கதை என்றும் விளையாட்டு என்றும் வழங்குவோம்.

இவ்வகையினை அறியாதார் பொருட்டு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். திரையில் ஓர் இடத்தின் வருணனை எழுத்தில் தோன்றும். படிப்போன் ஒரு சிறு தொடரைத் தட்டெழுதுகின்றான்: விளக்கை எடு, வடக்கே செல், கதவைத் திற என்பன போல. கணிப்பொறியின்கண் அமைந்த பகுப்பான் அத்தொடரை வினையென்றும் பெயரென்றும் பிரித்தறிந்து, அதற்குரிய விடையைத் திரையில் இடுகின்றது. இவ்வாறு ஏவலும் விடையுமாகக் கதை நடக்கின்றது. இவ்வகையின் முன்னோடி 'அட்வெஞ்சர்' என்றும் 'கொலோசல் கேவ்' என்றும் வழங்குவது. அமெரிக்க நாட்டுக் கணிப்பொறி வல்லுநரும் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு மிக்கவருமாகிய வில்லியம் குரௌதர், கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத்தொகுதியில் தாம் நேரிற் கண்ட பகுதியை அடிப்படையாகக் கொண்டு 1975, 1976-ஆம் ஆண்டுகளில் இதனை இயற்றினார். ஸ்டான்போர்டில் இருந்த டான் உட்ஸ் 1977-இல் இதனை விரித்தார். அவ்வாண்டே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் கூடி 'ஸோர்க்' என்னும் கதையைத் தொடங்கினர். 1979-இல் தோன்றிய இன்போகாம் நிறுவனம் அதனை வணிக முறையில் வெளியிட்டது. பிற கதைகள் பலவற்றையும் வெளியிட்டு 1989-இல் மூடப்பட்டது. அதன் பின்னர் இவ்வகை ஆர்வலர் கையில் வளர்ந்து வருகின்றது.

கூற்றும் முன்னமும்

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுறுப்புக்களுள் கூற்று, கேட்போர், முன்னம் என்பனவற்றையும் வைத்து எண்ணுகின்றது. இன்ன இடத்து இச்சொல்லை இன்னார் இன்னார்க்கு உரைத்தல் தகும் என்று கேட்போன் உய்த்துணருமாறு அமைதலே முன்னம் ஆகும். ஆங்கில மொழியில் அமெரிக்க மண்ணிற் பிறந்த ஒரு விளையாட்டுக்குத் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார் என்பது எம் கருத்தன்று. அவ்வாறு கூறுவோர் தொல்காப்பியத்திற்கும் பெருமை சேர்ப்பாரல்லர். ஆராயும் கருவி நம்முடையது, ஆராயப்படும் பொருள் பிறருடையது என்னும் அளவிலேயே இதனை ஈண்டுக் கையாள்கின்றோம்.

ஊடாடு கதையில் படிப்போன் கூறுவன பெரும்பாலும் ஏவல் வினைகளே. அவற்றிற்குக் கதை தரும் விடையோ பெரும்பாலும் முன்னிலையில் அமைகின்றது: நீ விளக்கை எடுத்தாய், நீ இருளில் நிற்கின்றாய் என்றாற் போல. ஆகவே, ஏவுவோன் எவனோ அவனே முன்னிலையும் ஆகின்றான். தான் செய்ததைத் தானே பிறர் வாயிற் கேட்கின்றான். அங்ஙனம் கூறும் குரல் யாருடையது? அது கதைமாந்தர் குரலன்று. ஆசிரியன் தன் பெயரால் முன்வந்து பேசும் குரலுமன்று. படிப்போனுக்குக் கண்ணும் கையும் ஆகி, அதே வேளையில் அவன் செய்கையைக் கண்டு கருத்துரைக்கும் தோழனும் ஆகி நிற்கும் ஒரு குரல் அது. இக்குரல் எதனையும் அவ்வப்போது தானே ஆக்கிக் கூறாது. முன்னரே எவரோ எழுதிவைத்ததனையே கூறும். எனவே, படிப்போன் ஓர் அரிய ஏவலை இட்டு, அதற்கெனவே அமைந்த விடையைப் பெறுவானாயின், இவ்விடத்து இவன் இவ்வாறு கூறுவான் என்று ஆசிரியன் முன்னரே எண்ணியிருந்தான் என்பது பெறப்படும். முன்னம் என்னும் உறுப்பு இங்குத் தலைகீழாக நிற்றலைக் காண்க. செய்யுளில் கேட்போன் கூறுவோனை உய்த்துணர்கின்றான். இங்குக் கூறுவோன் கேட்போனை உய்த்துணர்ந்து வைத்திருக்கின்றான்.

ஸோர்க் கதையில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கதை தொடங்கும் வெள்ளை வீட்டின் புறத்தே, காட்டிடையுள்ள வெளியில், உதிர்ந்த இலைக் குவியலொன்று கிடக்கின்றது. அதனை அகற்றினால் நிலத்தடிக்குச் செல்லும் வழியின் கம்பிக்கதவு வெளிப்படும். கதைக்கு வேண்டுவது அவ்வளவே. ஆயின், எவனேனும் ஒருவன் இலைகளை எண்ணுமாறு ஏவினால், அங்கு 69,105 இலைகள் உள்ளன என்று விடை வருகின்றது. எண்ணி முடித்துவிட்டு வந்தவன் போல அக்குரல் சிறிதும் அலட்டிக்கொள்ளாமல் கூறுவது முதல் நகை. கணிப்பொறியாளர்க்கு இதனுள் இரண்டாம் நகை ஒன்றும் உண்டு. நாம் வழங்கும் 69 என்னும் எண்ணை எட்டின் அடியாக எழுதினால் 105 ஆகும்; பதினாறின் அடியாக எழுதப்பட்ட 69, நாம் வழங்கும் முறையில் 105 ஆகும். அறிந்தார் இருமுறை நகுவர். அறியாதார் ஒருமுறை நகுவர். எவரும் ஏமாற்றம் அடையார். இன்போகாம் நிறுவனத்தின் பிற்காலக் கதைகளிலும் இவ்வெண் ஆங்காங்கே தலைகாட்டுவதால், இஃது எழுதுவோர் தம்முள் வழங்கிக்கொண்ட ஒரு குறிப்பாகவும் ஆயிற்று.

இவ்விடையால் கதை ஓரடியும் முன்னே செல்வதில்லை. படிப்போனுக்கு இதனாற் பொருளும் இல்லை, புள்ளியும் இல்லை. அங்ஙனமாயின் இஃது ஏன் எழுதப்பட்டது? இலைகளை எண்ண நினைக்கும் ஒருவன் வருவான் என்று எழுதினோர் எண்ணினர். அவனை வெறுங்கையோடு அனுப்ப அவர்க்கு மனம் வரவில்லை. வேறு காரணம் கூறுதற்கில்லை. ஆதலின், ஊடாடு கதையில் ஆசிரியன் கருத்தை ஆராயப் புகுவார்க்குக் கதையின் முடிபைக் காட்டிலும் கதைக்குப் பயன்படாத இத்தகைய விடைகளே உறுதியான சான்றுகள் என்று யாம் துணிகின்றோம். கதைப்போக்கிற்கு வேண்டிய விடைகளை எந்த ஆசிரியனும் எழுதியே ஆகவேண்டும். வேண்டாத இடத்து எழுதியது அவன் விரும்பி எழுதியது.

இவ்வகை நூல்களில் படிப்போனே ஆசிரியன் ஆகின்றான் என்று கூறுவார் உளர். 1967-இல் ரோலான் பார்த் ஆசிரியனின் இறப்பைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இவ்விளையாட்டுக்களே கண்கூடான விளக்கம் என்று கூறுவாரும் உளர். கேட்பதற்கு இனிய இக்கூற்று, இலைக் குவியலின் முன் நில்லாது. படிப்போன் தந்தது இரண்டு சொற்கள். நகையைத் தந்தது விடை. விடுகதையை விடுப்போன் வேறு, விடுவிப்போன் வேறு. விடுவித்தவனை அதனை இயற்றியவன் என்பாரில்லை. இவ்வகைக் கதைகளைப் பற்றி 2003-இல் நூலெழுதிய நிக் மான்ட்போர்ட் என்னும் அறிஞரும் இவற்றை விடுகதை மரபோடு இயைத்தே ஆராய்ந்தார். பிசி என்னும் இலக்கிய வகையைத் தொன்றுதொட்டு அறிந்த நமக்கு இவ்வியைபு வியப்பளிப்பதன்று.

அட்வெஞ்சர் கதையில் வரும் பாம்புருவப் பெருவிலங்காகிய டிராகனின் நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. குகையுள் பாரசீகக் கம்பளத்தின்மீது அவ்விலங்கு கிடக்கின்றது. அதனைக் கொல்லுமாறு படிப்போன் ஏவினால், எதனைக் கொண்டு, வெறுங்கையாலா என்று அக்குரல் வினவுகின்றது. வடிவத்தால் இது வினா, பொருளால் எள்ளல். இயலாது என்பதே அதன் உட்கருத்து எனக் கொண்டு அறிவுடையோர் பின்வாங்குவர். வாளும் வேலும் தேடி அலைவர். எள்ளலை எள்ளலென உணராது, ஆம் என்று விடையிறுப்பவனோ அக்கணமே விலங்கை வெறுங்கையாற் கொன்றுவிடுகின்றான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களனாக நான்கினைக் கூறுமிடத்துப் பேதைமையையும் எள்ளலையும் வைத்துள்ளது. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பது உரைகாரர் விளக்கம். இங்கு இரண்டும் ஒரே தொடரில் நிகழ்கின்றன. படிப்போனை எள்ளிய குரல், அவன் பேதைமையாலேயே எள்ளப்படுகின்றது. இதனை எழுதியவர், தாம் கூறும் வினாவைச் சொல்லளவில் எடுத்துக்கொள்ளும் ஒருவனை எதிர்நோக்கியே எழுதினார் என்பதில் ஐயமுண்டோ?

கருதாது நேர்ந்த நகை

இனி, மறுபக்கத்தையும் காணவேண்டும். எழுதுவோர் எத்துணை முயன்றாலும் எல்லா ஏவல்களுக்கும் தனித்தனி விடை எழுதுதல் இயலாது. ஆதலின், இவ்வகைக் கதைகளை இயற்றும் கருவிகள், ஒவ்வொரு வினைக்கும் ஒரு பொதுவிடையை முன்னரே தந்துவைத்துள்ளன. ஆசிரியன் எதுவும் எழுதாவிடத்து அதுவே தோன்றும். 1993-இல் கிரஹாம் நெல்சன் ஆக்கிய 'இன்பார்ம்' என்பது இக்கருவிகளுள் பெருவழக்குடையது. அதன் தொடக்கக்காலப் பதிப்புக்களில் பொதுவிடைகள் பலவும் சற்றே குறும்பு வாய்ந்தவை. பாடுமாறு ஏவினால் பாட்டு மிக மோசமாயிருந்தது என்னும் பொருளிலும், ஒருவரை முத்தமிடுமாறு ஏவினால் விளையாட்டிற் கருத்தைச் செலுத்துமாறும், தன்னையே நோக்குமாறு ஏவினால் எப்போதும் போல அழகாகவே இருப்பதாகவும் விடை வரும்.

வேடிக்கையான குகைக் கதைக்கு இவை பொருந்துவன. மகவை இழந்த தாய் ஒருத்தியைப் பற்றிய கதையில், அவள் கண்ணாடி முன் நின்று தன்னை நோக்கும்போது இவ்விடை தோன்றினால் என்னாகும்? படிப்போன் திடுக்கிட்டு நகைக்கின்றான். ஒருகால் அதனைக் கசப்பு மிகுந்த எள்ளல் என்று பாராட்டவும் கூடும். ஆசிரியனோ அவ்விடத்தை எண்ணியும் பார்த்திலன். அங்குப் பேசியது நெல்சன் என்றோ ஒரு நாள் எழுதிவைத்த பொதுச்சொல். இடம் மட்டுமே இக்கதையினது. முன்னம் அற்றுப்போன இடம் இது. இன்னார் இன்னார்க்கு உரைத்தது என்று கூற எவரும் அங்கு இலர். இத்தகைய நகையை ஆசிரியன் தலையில் ஏற்றிப் புகழ்தலும் தவறு, அதனைக் கொண்டு அவன் உள்ளம் இரக்கமற்றது என்று பழித்தலும் தவறு. ஆயினும் அவன் முற்றும் தப்பவும் இயலாது. பொதுவிடையை மாற்றும் உரிமை அவனுக்கு உண்டு. மாற்றாது விட்டது சோர்வு. எழுதாமையாகிய குற்றம் ஒன்று உண்டென்பதை அச்சு நூலாராய்ச்சி நமக்குக் கற்பிக்கவில்லை, இவ்வகை கற்பிக்கின்றது.

ஆசிரியன் கருத்து நூலுக்குப் புறம்பானது, அதனைத் தேடுதல் திறனாய்வுக்கு ஆகாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி என்னும் இருவரும் 1946-இல் வாதித்தனர். அவ்வாதம் பாட்டை நோக்கி எழுந்தது. அங்கு அதற்கு வலிமை உண்டு. ஊடாடு கதையிலோ ஒரு விடை இவ்விடத்திற்கென எழுதப்பட்டதா, பொதுவிடையா என்பது ஆசிரியனின் நாட்குறிப்பையோ கடிதத்தையோ துருவி அறியவேண்டிய செய்தியன்று. கதையின் மூல நிரலிலேயே அது கிடக்கின்றது. 2019-இல் இன்போகாம் கதைகள் பலவற்றின் மூல நிரல்கள் பொதுவெளிக்கு வந்தபின், எப்பொருளுக்கு எவ்வினையை முன்னெண்ணி எழுதினர் என்பதனை வரி வரியாகக் காணுதல் எளிதாயிற்று. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் நம் பதிப்பாசிரியர்கள் இப்பணியின் தன்மையை உடனே உணர்வர்.

கருதாது நேர்ந்ததைப் பின்னர்க் கருத்தாக்கிக் கொண்டதும் உண்டு. அட்வெஞ்சர் கதையில் விளக்கின்றி இருளில் நடந்தால் குழியில் வீழ்ந்து இறக்க நேரும். ஸோர்க் இயற்றியோரும் முதலில் அவ்வாறே அமைத்திருந்தனர். ஆயின், அக்கதையில் வெள்ளை வீட்டின் மேற்பரணும் இருண்ட இடமே. அங்கு நடந்த ஒருவர் ஆழங்காணாக் குழியில் வீழ்ந்து இறந்தார். வீட்டின் பரணில் குழி ஏது? பிழையைத் திருத்தப் புகுந்தோர் குழிகளை நீக்கிவிட்டு, இருளில் மட்டும் வாழ்ந்து, வருவோரை உண்ணும் 'குரூ' என்னும் உயிரைப் படைத்தனர். அப்பெயரை டேவ் லெப்ளிங் ஜாக் வான்ஸின் கதையினின்று எடுத்துக்கொண்டார். இன்று ஸோர்க் என்றவுடன் பலர்க்கும் நினைவு வருவது அவ்வுயிரே. அதனை எவரும் கண்டதில்லை. விளக்கு வந்தால் அது போய்விடும். பரணிற் குழி என்னும் நகைத்தற்குரிய பிழையே அச்சமும் நகையும் கலந்த இப்படைப்பைத் தந்தது. இதன்கண் ஆசிரியர் கருத்து தொடக்கத்தில் இல்லை. இடையில் வந்து புகுந்தது.

இடையிற் புகுதல் இவ்வகைக்கு இயல்பேயாம். இன்போகாம் நிறுவனத்தார் கதையை வெளியிடுமுன் சிலரை விளையாடச் செய்து, அவர்கள் இட்ட ஏவல்களையெல்லாம் ஆசிரியர்க்குக் காட்டுவர். எதிர்பாராத ஏவலைக் கண்ட ஆசிரியர் அதற்கென ஒரு விடையைச் சேர்ப்பார். ஆகவே, நாம் முன்னெண்ணம் எனப் போற்றும் சில விடைகள், எவரோ ஒருவர் முன்னரே செய்த குறும்பிற்குப் பின்னர் எழுதப்பட்டவையாதல் கூடும். இதனால் எம் துணிபு தளர்வதில்லை. ஒருவன் செய்ததைக் கண்டு, இனி வரும் ஒருவனுக்காக எழுதுவதும் முன்னெண்ணமே.

ஆடம்ஸின் தேநீர்

இவ்வகையில் நகைக்கென்றே பெயர்பெற்ற நூல், 1984-இல் இன்போகாம் வெளியிட்ட 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 1978-இல் பிபிசி வானொலித் தொடராகவும் 1979-இல் புதினமாகவும் தந்த கதையை, அவரும் அமெரிக்கராகிய ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் கூடி விளையாட்டாக்கினர். எந்நகை எவருடையது என்று இன்று பிரித்தறிதல் அரிது. இருவர் கருத்தும் ஒரு குரலிற் கலந்துள்ளன எனக் கொள்வதே தக்கது.

கதைத்தலைவன் ஆர்தர் டென்ட் தலைவலியோடு இருளில் விழிக்கின்றான். அவன் கைவசம் உள்ள பொருள்களைப் பட்டியலிடுமாறு ஏவினால், அப்பட்டியலில் 'தேநீர் இன்மை' என்பதும் ஒரு பொருளாக வருகின்றது. முதலில் இஃது ஒரு சொல் வேடிக்கை போலத் தோன்றும். இல்லாத பொருளை இல்லை என்று எண்ணிக் காட்டும் பொறியின் பேதைமையை எள்ளுவது எனக் கொண்டு நகைத்துவிட்டு அப்பாற் செல்வோம். கதையின் பிற்பகுதியில் ஒரு கதவு, தன்னைத் திறக்க வருவோன் அறிவுடையவன் என்பதற்குச் சான்று கேட்கின்றது. தேநீரையும் தேநீர் இன்மையையும் ஒருங்கே கையில் ஏந்தி நிற்பதே அச்சான்று. அதனைச் செய்தற்குப் படிப்போன் ஆர்தரின் மூளையினுள்ளேயே புகுந்து, அங்குள்ள பொதுஅறிவுத் துகளை அகற்றிவிடல் வேண்டும். தொடக்கத்தில் தற்செயலாக வந்த சொல்விளையாட்டு என்று நாம் கருதியது, முழுக்கதையையும் தாங்கும் ஆணியாயிருந்தமை அப்போது தான் புலப்படுகின்றது. இன்மையைப் பொருளாக எண்ணுதல் பொருந்துமா என்று தருக்க நூலார் நெடுங்காலம் வழக்கிட்டனர். ஆடம்ஸோ அதனைக் கையிலெடுத்துக் கொடுத்துவிட்டார்.

மற்றொரு நிகழ்ச்சி எம் ஆராய்ச்சிக்கு இதனினும் இன்றியமையாதது. பகுப்பானுக்கு விளங்காத தொடரைப் படிப்போன் தட்டுதல் அன்றாட நிகழ்ச்சி. எழுத்துப்பிழையாலோ வேறு காரணத்தாலோ நேர்வது. ஏனைய கதைகளில் விளங்கவில்லை என்னும் விடையோடு அது மறையும். இக்கதை அவ்வாறு தவறிய தொடரொன்றை மறவாது வைத்திருக்கின்றது. பின்னர் ஒரு கட்டத்தில், அச்சொற்கள் வெளியிலும் காலத்திலும் ஏற்பட்ட ஒரு துளையின் வழிச் சென்று, தொலைவிலுள்ள இரு பகைவர் கூட்டத்தின் செவியில் பட்டு, அவர் மொழியில் பொறுக்கலாற்றா வசையாக ஒலித்துப் பெரும்போரை மூட்டியதாகக் கூறுகின்றது. புதினத்தில் போரை மூட்டுவன ஆர்தரின் சொற்கள். விளையாட்டில் மூட்டுவன படிப்போனின் சொற்கள். எழுத்துப்பிழையை ஆசிரியன் கருதியிருத்தல் இயலாது. எந்தப் பிழை வரும் என்றும் அவன் அறியான். ஆயினும் பிழை வரும் என்பதனை அறிவான். வருவது எதுவாயினும் அதற்கு ஓர் இடம் ஒழித்து வைத்தான். கருதாதது என்றும் கருதியது என்றும் நாம் இட்ட வேலி இங்கு நில்லாது போகின்றது. படிப்போன் அறியாது செய்த தவறு அவன் கண் முன்னரே ஆசிரியனின் நகையாக மாறி நிற்கின்றது. இவ்வகையின் எல்லைக்குள் இதற்கு ஒப்பானதொன்றை யாம் கண்டிலேம்.

இங்ஙனம் போற்றிய நூலிலேயே யாம் ஒப்பாத பகுதியும் உண்டு. கதையின் தொடக்கத்தில், மதுக்கடையில் வாங்கிய உணவுத் துண்டை வழியில் நிற்கும் நாயொன்றிற்கு இடவேண்டும். இடாவிட்டால் அப்போது எதுவும் நேர்வதில்லை. நெடுநேரம் கழித்து, நுண்ணளவான விண்கலப் படையில் இருக்கும்போது, பசித்த அந்நாய் படை முழுவதையும் விழுங்கிவிடுகின்றது. நிலவுலகம் அழிந்தபின் திரும்பிச் சென்று நாய்க்கு உணவிட வழியில்லை. கதையை முதலிலிருந்தே தொடங்கவேண்டும். எழுதியவர் பார்வையில் இது சிறந்த நகை: அற்பக் காரணத்தால் பேரழிவு. அந்நகையைக் கேட்டற்கு விலையாகப் படிப்போன் தருவது பல மணி நேர உழைப்பு. எள்ளப்பட்டவன் தானும் உடன் நகுதற்கு, எள்ளலின் காரணம் அவன் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். மொழிபெயர்க்கும் மீனைப் பெறும் புதிரும் கடுமையானதே. ஆயினும், அங்கே ஒவ்வொரு முறை தவறும்போதும் மீன் எவ்வழிச் சென்றது என்று கண்டு நகைத்து, அடுத்த தடையை இடுகின்றோம். துளையை மறைக்க மேலங்கியைத் தொங்கவிடுகின்றோம். வடிகாலின்மேல் துவாலையை விரிக்கின்றோம். அப்புதிரை வென்றோர் மார்பில் அணிந்து மகிழ நிறுவனத்தார் சட்டையே அச்சிட்டு விற்றனர். நாய்க்கு அத்தகைய சட்டை எவரும் அணிந்திலர்.

ஓரிடத்தில் அக்குரல் வெளிப்படையாகப் பொய்யும் கூறுகின்றது. விண்கலத்தின் பொறியறையில் நின்று நோக்குமாறு ஏவினால், காணத்தக்கது எதுவும் இல்லை என்னும் பொருள்பட மறுக்கின்றது. விடாது மீண்டும் ஏவியபின்னரே உண்மையைக் கூறுகின்றது. படிப்போனின் கண்ணாக இருக்கும் குரலே பொய் கூறுமாயின் அவன் எதனைப் பற்றி நடப்பான் என்று குறைகூறுவோர் உளர். யாம் அவரோடு உடன்படவில்லை. மடன் என்பது பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாதிருத்தல். திரையில் வந்த எழுத்தை அவ்வாறு கொண்டிருந்த நம் மடமே அங்கு நகைப்பொருள். விடாது ஏவினால் வெளிப்படும் பொய்யாதலின், அதனால் இழப்பும் இல்லை.

இளமை காரணமாகப் பிறக்கும் நகைக்கு 1983-இல் மெரெட்ஸ்கி தனித்து எழுதிய 'பிளானட்பால்' என்பதனைக் கூறலாம். குழந்தை போன்ற பிளாய்டு என்னும் இயந்திரன் படிப்போனோடு உடன் வருகின்றான். கதையை இடையில் சேமிக்குமாறு படிப்போன் ஏவினால், ஆபத்தான செயல் ஏதேனும் செய்யப்போகின்றோமோ என்று அவன் மகிழ்ந்து வினவுகின்றான். கதைக்குப் புறத்தே உள்ள செய்கையைக் கதைமாந்தன் கண்டுகொள்வதால் எழும் நகை அது. அவன் பின்னர்ப் படிப்போனுக்காக உயிர் துறக்கின்றான். பொறியின் எழுத்துக்கு முன் பலர் கண்கலங்கினர். முடிவில் அவனைப் பழுதுபார்த்து மீட்டது மென்மையான உள்ளத்தின் செயல். கதைக்கு வலிமை சேர்த்தது என்று எமக்குத் தோன்றவில்லை.

பிற்கால ஆசிரியர் சிலர் பொதுவிடையின் இடர்ப்பாட்டை வேரோடு களைய முற்பட்டனர். அட்மிரல் ஜோட்டா என்னும் புனைபெயரினர் 2007-இல் இயற்றிய 'லாஸ்ட் பிக்' அவற்றுள் தலைசிறந்தது. தொலைந்த பன்றியைத் தேடிச் செல்லும் கிரங்க் என்னும் அரக்க இனத்தவனே அதில் கதை கூறுகின்றான். சொல்வளம் குன்றிய அவன் மொழியிலேயே விடைகள் அமைந்துள்ளன. இயலாது என்னும் மறுப்பும், விளங்கவில்லை என்னும் ஒப்புதலும் அவன் வாய்மொழியே. பொறியின் பேதைமை கதைமாந்தனின் பேதைமையாக மாறிவிட்டமையால், முன்னம் எங்கும் அறுவதில்லை. 2008-இல் ஜெரமி பிரீஸ் எழுதிய 'வயலெட்' என்பதில், ஆய்வேட்டை எழுத இயலாது தவிக்கும் மாணவனுக்கு அவன் காதலியின் குரல் விடையிறுக்கின்றது. எம் போல் ஆய்வு மாணவரை நெறிப்படுத்துவோர் அதனைச் சிறிது கூச்சத்தோடுதான் படித்தல் கூடும்.

ஆடம் கேட்ரே 2000-இல் எழுதிய '9:05' எதிர் வழியிற் செல்கின்றது. அதன் குரல் மிகச் சாதாரணமானது. குறும்பு எதுவும் இல்லை. தொலைபேசி ஒலிக்க, பணிக்குக் காலம் தாழ்ந்தது என்று அறிந்து எழும் படிப்போன், குளித்து, உடுத்து, வண்டியேறி அலுவலகம் செல்கின்றான். முடிவில், தான் அவ்வீட்டிற்கு உரியவனல்லன், திருட வந்து வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டு உறங்கியவன் என்று தெரிகின்றது. மீண்டும் விளையாடிக் கட்டிலின் அடியில் நோக்குமாறு முதலிலேயே ஏவினால், உடல் அங்குக் கிடக்கின்றது. குரல் எவ்விடத்தும் பொய் கூறவில்லை. நாம் கேளாததைக் கூறவில்லை, அவ்வளவே. அலுவலகம் செல்லும் மாந்தன் கதை என்று நாமாகக் கொண்டோம். படிப்போனின் கருத்தையே ஆசிரியன் தன் கருத்திற்குக் கருவியாக்கிய இடம் இது. இரண்டாம் முறை படிக்குங்கால் ஒவ்வொரு சாதாரணச் சொல்லும் நகை பயக்கின்றது.

வழிகாட்டிக் குறிப்பை வைத்துக்கொண்டு, முடிவுக்கு வேண்டிய ஏவல்களை மட்டும் இட்டு முடித்து, அதன்மேல் திறனாய்வு எழுதும் வழக்கம் பரவியுள்ளமையை ஈண்டுச் சுட்டாதிருத்தல் இயலாது. அவ்வாறு படிப்போர் இலைகளை எண்ணார். கட்டிலின் அடியில் நோக்கார். அவர் காண்பது கதையின் எலும்பு.

2019-இல் வெளிவந்த 'ஏஐ டஞ்சன்' முதலியன இவ்வாராய்ச்சிக்கு ஓர் எல்லையைக் காட்டுகின்றன. அவற்றில் விடைகளை எவரும் முன்னரே எழுதிவைப்பதில்லை. பெருந்தொகையான உரைகளைப் பயின்ற மொழி மாதிரி ஒன்று, ஏவல் எதுவாயினும் அப்போதைக்கப்போது ஒரு விடையை ஆக்கித் தருகின்றது. விளங்கவில்லை என்னும் மறுப்பு அதன்கண் ஏறத்தாழ இல்லை. அவ்விடைகளைக் கண்டு நகைப்பாரும் பலர், யாமும் நகைத்துள்ளோம். அந்நகை, கண்ணாடி முன் நின்ற தாய்க்கு நேர்ந்த நகையின் இனத்தைச் சார்ந்தது. வேறுபாடு என்னெனின், ஆங்கு மாற்றி எழுதக் கடமைப்பட்ட ஓர் ஆசிரியன் இருந்தான். அங்கும் ஒரு காட்டில் இலைக் குவியலின் முன் நின்று, இலைகளை எண்ணுமாறு ஏவலாம். ஏதோ ஓர் எண் வரும். மறுமுறை ஏவினால் வேறோர் எண் வருதலும் கூடும்.